சித்திரக்கதைப் புத்தகங்கள்: வைப்பதும் வழங்குவதும்

(பத்தாம் வகுப்பு, ‘அ’ பிரிவு)

நம் ஊர்ப் பக்கத்தில் பல வீடுகளின் பரணில் ஒரு தகரப் பெட்டி உண்டு. அதைத் திறந்தால் பெற்றோர் தம் பிள்ளைப் பருவத்தில் காசு சேர்த்து வாங்கிய சித்திரக்கதைப் புத்தகங்கள் இருக்கும். அவற்றை இப்போது யாரும் படிப்பதில்லை. ஆனால் எடுத்து வெளியே போடவும் யாருக்கும் மனம் வருவதில்லை. வெள்ளையடிக்கும் போதும் வீடு மாறும் போதும் மட்டும் அந்தப் பெட்டியைப் பற்றிப் பேச்சு எழும், பிறகு அடங்கிவிடும்.

பாடாலூரில் எங்கள் வீட்டில் இருந்தவை நான்கு பெட்டிகள். மூட்டுவலியால் மாடிப்படி ஏற இயலாமற் போன அப்பாயிக்குக் கீழறையை ஒழித்துத் தரவேண்டிய நிலை சென்ற கோடை விடுமுறையில் ஏற்பட்டது. கட்டில் போட்டபின் ஒரு பெட்டிக்குத்தான் இடம் மிஞ்சும். “நீங்களே பிரித்துவிடுங்கள். நான் உட்கார்ந்தால் ஒன்றுகூட வெளியே போகாது” என்று அப்பா சொல்லிவிட்டார். ஆகவே அக்கா, தங்கை, தம்பி என நாங்கள் மூவரும் 437 புத்தகங்களின் நடுவே அமர்ந்தோம். எதை வைப்பது, எதைக் கொடுப்பது என்பதற்கு நாங்கள் கண்ட வழி மற்றத் தோழியருக்கும் பயன்படக்கூடும் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

முதலில், கையில் இருப்பது இன்னது என்று அறிய வேண்டும். தமிழில் சித்திரக்கதை வரலாற்றின் பெரும்பகுதி சிவகாசியைச் சேர்ந்தது. 1972 ஜனவரியில் அங்கே முத்து காமிக்ஸ் தொடங்கியது. முதல் புத்தகம் ‘இரும்புக்கை மாயாவி’. மின்சாரம் பாய்ந்தால் உடல் முழுவதும் மறைந்து, இரும்புக்கை மட்டும் கண்ணுக்குத் தெரியும் அந்த வீரர் உண்மையில் இங்கிலாந்தில் பிறந்தவர். 1962இல் ‘வேலியண்ட்’ என்ற வார இதழில் தோன்றி, பத்தாண்டு கழித்துத் தமிழ் பேசத் தொடங்கினார். பிறகு 1984 ஜூலை வந்தது. அந்த ஒரே மாதத்தில் சிவகாசியிலிருந்து ‘கத்தி முனையில் மாடஸ்டி’ என்ற கதையுடன் லயன் காமிக்ஸும், தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸும் புறப்பட்டன. அப்போது அப்பாவுக்குப் பத்து வயது. எங்கள் பெட்டிகளில் பாதி அந்த ஆண்டுக்குப் பின் நிரம்பியவை என்பதில் வியப்பு என்ன?

ராணி காமிக்ஸ் 2005இல் நின்றுவிட்டது. 1947 ஜூலையில் தொடங்கிய அம்புலிமாமாவும் இப்போது இல்லை. வேதாளத்தைத் தோளில் சுமந்து வாளுடன் நடக்கும் விக்கிரமாதித்தனை நாம் அனைவரும் அறிவோம். அவ்வுருவத்தை வரைந்த ஓவியர் சங்கர் 2020இல் காலமானார். அரிமளத்தில் பிறந்த வாண்டுமாமா நடத்திய பூந்தளிரும் பழங்கதை ஆகிவிட்டது. அதில் வந்த சுப்பாண்டியைப் பற்றி ஒரு செய்தி எங்களுக்குப் பெருமை தந்தது. நம் திருச்சியிலிருந்து ஒரு வாசகர் ‘டிங்கிள்’ இதழுக்கு எழுதி அனுப்பிய கதைகளிலிருந்துதான் 1983இல் சுப்பாண்டி பிறந்தானாம்! இங்கிருந்து பம்பாய் சென்று, ஆங்கிலம் பேசி, மறுபடி தமிழுக்குத் திரும்பி வந்த பிள்ளை அவன்.

இந்த வரலாறு எதற்கு என்று கேட்கலாம். நின்றுபோன இதழுக்கும், மறுபதிப்பாகக் கிடைக்கும் புத்தகத்திற்கும் வேறுபாடு உண்டு. அமர் சித்திரக் கதைகள் 1967 முதல் மீண்டும் மீண்டும் அச்சாகி வந்தவை. இரும்புக்கை மாயாவியின் கதைகளும் பிற்காலத்தில் மறுபதிப்புக் கண்டன. இவற்றைக் கொடுத்துவிட்டாலும் ஒரு நாள் மீண்டும் தேடிப் பெறலாம். நின்றுபோன இதழை அப்படிப் பெறுவது எளிதன்று.

பிரிக்கும் வேலைக்கு வருவோம். எங்கள் பகுதி சின்ன வெங்காயத்துக்குப் பெயர் பெற்றது. பட்டறை போடுமுன் அப்பாயி வெங்காயம் பிரிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அவர் முதலில் நல்லதைத் தேடமாட்டார், அழுகலைத்தான் எடுப்பார். ஓர் அழுகல் உள்ளே போனால் மூட்டையே போயிற்று என்பார். நாங்களும் அவ்வாறே கரையான் ஏறியதையும், பூஞ்சணம் பிடித்ததையும், இராமபாணப் பூச்சி சல்லடையாக்கியதையும் முதலில் முற்றத்திற்கு எடுத்துச் சென்றோம். அவை 41. இவற்றைப் பிறருக்குக் கொடுப்பது முறையன்று. நம் வீட்டுக் கரையானை அடுத்த வீட்டுக்கு அனுப்புவதற்குப் பெயர் தருமமா?

வெறுமனே மஞ்சள் நிறமானவற்றை மட்டும் கெட்டவை என்று ஒதுக்கக் கூடாது. மலிவான செய்தித்தாள் காகிதம் மரக்கூழை இயந்திரத்தில் அரைத்துச் செய்யப்படுவது. அதில் லிக்னின் என்ற பொருள் தங்கிவிடுகிறது. காற்றும் வெளிச்சமும் பட்டால் அது நிறம் மாறும். நாளடைவில் காகிதத்தில் அமிலத்தன்மை ஏறி, மடித்தால் அப்பளம் போல் நொறுங்கும். வெப்பம் இதை விரைவுபடுத்துகிறது. தகரக் கூரைக்கு அடியில், நம் ஊர்ச் சித்திரை வெயிலில் முப்பது நாற்பது ஆண்டுகள் இருந்த புத்தகம் மஞ்சளாகாமல் என்ன செய்யும்? பக்கத்தின் மூலையை மெல்ல ஒருமுறை மடித்துப் பார்த்தோம். ஒடியாமல் வளைந்தால் அதற்கு இன்னும் ஆயுள் உண்டு.

எஞ்சியவை 396. இங்கேதான் சண்டை தொடங்கியது.

தம்பிக்கு டெக்ஸ் வில்லர் கதைகள் எல்லாமே வேண்டும். குதிரை, துப்பாக்கி, பாலைவனம் இருந்தால் அவனுக்குப் போதும். தங்கை அட்டைப்படத்தைப் பார்த்தே முடிவு செய்தாள். அக்காவோ எங்கோ கேள்விப்பட்ட விலையைச் சொல்லத் தொடங்கினாள். பழைய சித்திரக்கதைகளைப் பெரும்பணம் கொடுத்து வாங்குவோர் உண்டு என்பது பொய்யன்று. அமெரிக்காவில் 1938இல் பத்து சென்ட்டுக்கு விற்ற ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழின் ஒரு பிரதி 2024இல் 60 லட்சம் டாலருக்கு விலை போயிற்று. சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றிய இதழ் அது. ஆனால் அந்த விலைக்கு, படித்தவர்கள் அதைத் தூக்கி எறிந்ததும் ஒரு காரணம். இரண்டாம் உலகப் போரின் போது அங்கே பழைய காகிதம் திரட்டியதில் எத்தனையோ புத்தகங்கள் கூழாயின. எல்லோரும் பெட்டியில் பூட்டி வைத்திருந்தால் அதற்கு ஏது அந்த விலை? பலர் வீட்டிலும் இருக்கும் பொருளைப் பத்திரப்படுத்திப் பணக்காரர் ஆக முடியாது என்று அக்காவுக்குப் புரிந்த பிறகு வேலை சற்று வேகமாக நடந்தது.

பிறகு மூவரும் ஒரு முறைக்கு உடன்பட்டோம். புத்தகத்தை எடுத்தவர் நடுவிலிருந்து பத்துப் பக்கம் உரக்கப் படிக்க வேண்டும். மற்ற இருவரில் ஒருவராவது “அப்புறம்?” என்று கேட்டால் அது ஒரு பக்கம் வைக்கப்படும். யாரும் கேட்காவிட்டால் கொடுக்கும் குவியலுக்குப் போகும். இம்முறையில் அட்டை அழகாக இருந்த பல புத்தகங்கள் தோற்றன. அட்டையே இல்லாத சில வென்றன. ‘லக்கி லுக்’ கதைகள் ஒன்றுகூடத் தோற்கவில்லை. (உரக்கப் படிப்பதால் நேரம் ஆகும் என்பது மெய்தான். எங்களுக்கு ஒன்பது நாள் ஆயிற்று.)

‘தொடரும்’ போட்ட கதைகளில் கவனம் வேண்டும். முதல் பாகத்தை வைத்துக்கொண்டு இரண்டாம் பாகத்தைக் கொடுத்தால் இரண்டு வீட்டாருக்கும் துன்பம். கொடுத்தால் சேர்த்தே கொடுங்கள். முடிவே இல்லாதவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம். 1960இல் தினத்தந்தியில் தொடங்கி அறுபது ஆண்டுகளைக் கடந்து ஓடிய ‘கன்னித்தீவை’ முழுவதும் வெட்டி வைத்தவர் எவரேனும் இருந்தால் அவரை நேரில் வணங்க வேண்டும். எங்கள் பெட்டியில் அதன் துண்டுகள் ஒரு நோட்டில் 60 நாள் அளவுக்கு ஒட்டப்பட்டிருந்தன. அதன் பின் அப்பாவுக்குப் பசை தீர்ந்துவிட்டது போலும்.

யாருக்குக் கொடுப்பது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். சித்திரக்கதையே தீயது என்று அஞ்சியோர் உண்டு. 1948 டிசம்பரில் அமெரிக்காவின் பிங்ஹாம்டன் நகரில் ஒரு பள்ளிப் பிள்ளைகள் வீடு வீடாகச் சென்று திரட்டிய 2,000 அளவிலான புத்தகங்களைப் பள்ளி வளாகத்திலேயே தீயிட்டனர். அவர்கள் நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள். ஆனால் அந்தக் குவியலில் தள்ள வேண்டியதும் இருந்திருக்கும், வைக்க வேண்டியதும் இருந்திருக்கும். நெருப்புக்குப் பிரிக்கத் தெரியாது. அதே சமயம், எல்லாம் எல்லோருக்கும் என்றும் சொல்ல முடியவில்லை. 1936இல் பிறந்த முகமூடி வீரரை எடுத்துக்கொள்வோம். ராணி காமிக்ஸில் மாயாவி, வேறு வெளியீடுகளில் வேதாளர் என்று வந்தவர். (இரும்புக்கை மாயாவி வேறு, இவர் வேறு.) விறுவிறுப்பான கதைகள்தாம். ஆனால் கானகத்து மக்கள் எப்போதும் நடுங்கி நிற்பதும், வெள்ளைக்காரர் ஒருவர் வந்து நீதி வழங்குவதும் எங்களுக்கு இப்போது உறுத்துகிறது. அவற்றை நாங்கள் தள்ளவில்லை. எட்டு வயதுக் குழந்தையிடம் கொடாமல், கேள்வி கேட்கத் தெரிந்த வயதினருக்கு ஒதுக்கினோம். கொலையும் இரத்தமும் மிகுந்த துப்பறியும் கதைகளையும் அப்படியே செய்தோம்.

சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் இரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் உண்டு என்ற பொருளுடையது. எங்கள் தெருவில் ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு தங்கைக்குப் பாடநூலில் நான்கு வரி சேர்ந்தாற்போல் வராது. அவளுக்குக் கபீஷ் குரங்கின் கதைகளைக் கொடுத்தோம். படத்தைப் பார்த்துச் சொல்லை ஊகித்து, சொல்லைப் பார்த்துப் படத்தைச் சரிபார்த்துக்கொண்டு அவள் இப்போது ஒரே மூச்சில் ஒரு கதை படிக்கிறாள். பெட்டியில் இருந்திருந்தால் அது கரையானின் இரையாகி இருக்கும்.

எதற்கும் பயனற்றது என்று தோன்றுவதையும் சில சமயம் வைக்கத்தான் வேண்டும். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் பழைய நூல்களோடு துண்டு விளம்பரம், நாடக நோட்டீஸ், திருமண அழைப்பிதழ் முதலியவற்றையும் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் காலமான பின் அத்தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அதுவே சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகமாக விளங்குகிறது. அதனால் சித்திரக்கதையின் பின்னட்டை விளம்பரத்தையும், வாசகர் கடிதப் பக்கத்தையும் கிழித்து எறியாதீர்கள். அக்காலத்தில் பிள்ளைகள் எதை வாங்கினார்கள், எதற்கு ஆசைப்பட்டார்கள் என்பது கதையில் இருப்பதைவிட அங்கேதான் அதிகம் தெரிகிறது.

ஏழாம் நாள் ஒரு புத்தகம் வந்தது. முன் அட்டை இல்லை, கடைசி எட்டுப் பக்கம் இல்லை. பத்துப் பக்கச் சோதனையிலும் தோற்றது. கொடுக்கும் குவியலுக்கும் தகுதி இல்லாததால், வேர்க்கடலைப் பொட்டலத்துக்குத்தான் ஆகும் என்று தம்பி தூக்கிப் போட்டான். கட்டிலில் அமர்ந்திருந்த அப்பாயி அதைக் கேட்டு வாங்கிப் புரட்டினார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஓரங்களில் யாரோ பென்சிலால் மாடுகளும் ஒரு டிராக்டரும் வரைந்திருந்தார்கள். அப்பாவின் தம்பி ஒருவர் 1989இல் பதினொரு வயதில் காய்ச்சலில் இறந்துபோனார் என்று நாங்கள் கேள்விப்பட்டிருக்கிறோம். வீட்டில் அவருடைய புகைப்படம் ஒன்றுகூட இல்லை. “இது அவன் போட்ட மாடு” என்றார் அப்பாயி. அதன் பிறகு அந்தப் புத்தகம் எந்தக் குவியலிலும் சேரவில்லை. அவர் தலையணைக்கு அடியில் இருக்கிறது. மாலையில் அப்பா வந்து பார்த்தார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அதனால், தோழியரே, பிரிக்கும் போது வீட்டுப் பெரியவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அட்டையிலும் விலையிலும் தெரியாத செய்தி அவர்களுக்குத் தெரியும். நாங்களும் அன்று முதல், கொடுக்குமுன் ஒவ்வொரு புத்தகத்தின் ஓரங்களையும் புரட்டிப் பார்த்தோம்.

வைப்பதென்று முடிவான 146 புத்தகங்களை எப்படிக் காப்பது? துருப்பிடித்த ஊசிகளை மெல்ல நீக்கி, அந்தத் துளைகளிலேயே வெள்ளை நூல் கோத்துக் கட்டினோம். ஒட்டும் தாளைப் பயன்படுத்தாதீர்கள். சில ஆண்டுகளில் அது காய்ந்து உதிர்ந்துவிடும், பழுப்புக் கறை மட்டும் நிற்கும். பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கினால் உள்ளே வியர்க்கும். பழைய பருத்திச் சேலையைக் கிழித்துச் சுற்றினோம். நிழலில் நன்கு உலர்ந்த வேப்பிலையும், வசம்புத் துண்டுகளும் போட்டோம். ஓலைச்சுவடிக் காலத்து முறைதான். பச்சை இலையைப் போட்டால் ஈரம் ஏறும். மென்மையான புத்தகங்களை நிறுத்தாமல் படுக்க வைக்க வேண்டும். பெட்டியின் கீழே இரண்டு செங்கல். ஆடி மாதம் ஒருமுறையும் தை மாதம் ஒருமுறையும் திறந்து காற்றாட விடுவது தம்பியின் பொறுப்பு.

கொடுப்பதற்கு எஞ்சிய 250இல் 90 நம் வகுப்பு நூலக அலமாரிக்கு வந்துவிட்டன. 60 எங்கள் தெருப் பிள்ளைகளுக்குப் போயின. டெக்ஸ் வில்லர் கதைகளில் பாதியைத் தன் நண்பன் வீட்டில் வைத்திருக்கிறான் தம்பி. அது கொடுத்ததா, இடம் மாற்றியதா என்பது இன்னும் தீர்ப்பாகவில்லை. மீதியை அப்பா இரண்டு சாக்கில் கட்டி, பெரம்பலூரில் பழைய புத்தகம் விற்கும் ஒருவரிடம் கொண்டு சென்றார். திரும்பி வரும்போது ஒரு சாக்கு காலியாக இருந்தது. மற்றொன்றின் அடியில், தாம் பத்து வயதில் படித்ததாகச் சொல்லி, நான்கு புத்தகங்கள் புதிதாக வாங்கி வந்திருந்தார்.