இன்னும் வலி வரலையா?

நிறைமாதத்தில் இருக்கும் தமிழ்ப் பெண்ணுக்கு அமெரிக்காவில் தினமும் இரண்டு வேளை கைபேசி ஓயாது. காலையில், ஊரில் விளக்கேற்றும் நேரத்துக்கு ஒரு சுற்று. இரவில், அங்கே முதல் காபி இறங்கும் நேரத்துக்கு இன்னொரு சுற்று. பெரியம்மா, அத்தை, கீழ்வீட்டு மாமி, கூடப் படித்தவள் என்று ஆள் மாறுமே தவிர கேள்வி மாறாது. “என்னடி, இன்னும் வலி வரலையா?” கேட்பவர்களுக்கு அது பாசம். பதில் சொல்கிறவளுக்கோ தான் ஏதோ பாடத்தில் பின்தங்கிவிட்ட மாதிரி கூச்சம். நாற்பது வாரம் முடிந்து நாலு நாள் ஆகிவிட்டால் கூச்சம் எரிச்சலாகிறது. எரிச்சல் பட்டதற்காகக் குற்ற உணர்வு. அப்புறம் காரணம் தெரியாத அழுகை.

கடைசி மூன்று வாரம் எப்படிப் போனது என்று பிள்ளை பெற்றவர்களைக் கேட்டால் முதலில் சிரிக்கிறார்கள். பிறகு சொல்வதில் ஓர் ஒற்றுமை உண்டு. வலியை நினைத்த பயத்தைவிட, நாள் தெரியாத தவிப்புதான் அதிகம். ஒரு பக்கம் புரண்டு படுக்க முடியவில்லை, செருப்பு நுழையவில்லை, பிறந்துவிட்டால் போதும் என்றிருக்கிறது. இன்னொரு பக்கம், இன்னும் ஒரு வாரம் கணவனும் தானுமாகவே இருந்துவிட்டால் தேவலை என்றும் இருக்கிறது. இப்படி நினைக்கிறோமே, நாம் நல்ல தாயாவோமா என்ற சந்தேகம் அடுத்து வரும். முன்பு ஒரு குழந்தையை இழந்தவளுக்கு இந்த நாட்கள் வேறு மாதிரி. அவள் அசைவை எண்ணியபடியே விடிய விடியக் கிடப்பாள். யாரிடமும் சொல்லவும் மாட்டாள்.

இவ்வளவு தவிப்பும் ஒரு தேதியைச் சுற்றித்தான். ட்யூ டேட். ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்த மகப்பேறு மருத்துவர் ஃபிரான்ஸ் நேகலே பெயரால் வழங்கும் கணக்கு அது. கடைசி மாதவிடாயின் முதல் நாளோடு ஏழு நாள் கூட்டி, மூன்று மாதம் பின்னால் போனால் வரும் தேதி, அதாவது 280 நாள். எல்லாருக்கும் மாதச் சுழற்சி 28 நாள்தான் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. இப்போது ஸ்கேன் பார்த்துத் திருத்துகிறார்கள். ஆனாலும் குறித்த தேதியிலேயே பிறப்பவை இருபதில் ஒரு குழந்தை அளவுதான். வட கரோலினாவில் உள்ள அமெரிக்க அரசு ஆய்வு நிறுவனம் ஒன்று, கருமுட்டை வெளியான நாளே தெரிந்த 125 கர்ப்பங்களை எடுத்துக்கொண்டு 2013-இல் முடிவை வெளியிட்டது. குறைப்பிரசவங்களைக் கழித்துவிட்டுப் பார்த்தபோதும், இயல்பான கர்ப்ப காலம் பெண்ணுக்குப் பெண் 37 நாள் வரை வேறுபட்டிருந்தது. ஐந்து வாரம்!

நம் பாட்டிகள் “தை கடைசி, மாசி முதல்ல பொறந்துடும்” என்றுதான் சொல்வார்கள். எனக்கு அதுதான் நேர்மையான கணக்காகப் படுகிறது. தேதி என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் வீட்டில் எல்லாரும் அதைப் பரீட்சை நாள் ஆக்கிவிடுகிறார்கள்.

சரி, நாளைத் தீர்மானிப்பது யார்? இதற்கு ஒரு பாதி பதில் டெக்சாஸிலிருந்து வந்தது. டல்லஸில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக சவுத்வெஸ்டர்ன் மருத்துவ மையத்தில் கேரல் மெண்டல்சன் என்ற ஆய்வாளரின் குழு 2004-இல் எலிகளிடம் ஒன்றைக் கண்டது. சுவாசப்பை விரிந்து சுருங்க அதன் உட்புறத்தில் வழுவழுப்பான ஒரு பொருள் வேண்டும். கருவின் சுவாசப்பை முதிரும்போதுதான் அது சுரக்கத் தொடங்கும். அதிலுள்ள ஒரு புரதம் பனிக்குட நீரில் கலந்து, அங்குள்ள தற்காப்பு அணுக்களைத் தூண்டி, அவை கருப்பைச் சுவருக்குப் போய்ச் சேர, கருப்பை சுருங்கத் தயாராகிறது. ‘நான் மூச்சுவிடத் தயார்’ என்று உள்ளிருப்பதே சொல்லி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மனித உடலில் நஞ்சுக்கொடி, ஹார்மோன்கள் என்று வேறு பலவும் சேரும், எலியை அப்படியே பெண்ணுக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் ‘நான் எதாவது தப்பாகச் செய்கிறேனா, நடக்கணுமா, படிக்கட்டு ஏறணுமா’ என்று மருகும் பெண்ணுக்கு இது நல்ல மருந்து. அவள் பக்கம் பாக்கி எதுவும் இல்லை.

இதைத் தெரிந்துகொண்டு 2025 ஜனவரியை நினைத்துப் பாருங்கள். அந்த மாதம் 20-ஆம் தேதி பதவியேற்ற அன்றே அதிபர் டிரம்ப் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். பெற்றோரில் ஒருவராவது குடியுரிமையோ பச்சை அட்டையோ பெற்றிராவிட்டால், 30 நாட்களுக்குப் பிறகு இங்கே பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை கிடையாது என்றது அது. அமெரிக்க அரசமைப்பில் 1868-இல் வந்த 14-ஆவது திருத்தமும் உச்ச நீதிமன்றத்தின் 1898-ஆம் ஆண்டு வாங் கிம் ஆர்க் தீர்ப்பும் காத்துவந்த உரிமை அது. எச்-1பி விசாவில் பச்சை அட்டைக்காக வருடக்கணக்கில் வரிசையில் நிற்கும் நம் குடும்பங்களுக்கு அது நேராகப் பாய்ந்தது. பிப்ரவரி 20-ஐ ஒட்டிய ஒரு கோடு விழுந்ததும், அதற்கு முன்பே சிசேரியன் செய்துவிட முடியுமா என்று இந்தியத் தம்பதிகள் கேட்கத் தொடங்கினார்கள். நியூஜெர்சியிலும் டெக்சாஸிலும் உள்ள மகப்பேறு மருத்துவர்கள் அப்போது இந்திய நாளிதழ் ஒன்றிடம் இதைச் சொன்னார்கள். கேட்டவர்கள் பெரும்பாலும் எட்டு, ஒன்பது மாதக்காரர்கள். மார்ச்சில்தான் நாள் என்றிருந்த, ஏழு மாதப் பெண் ஒருவரும் கணவரோடு வந்திருக்கிறார்.

அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று வைதவர்கள் நம்மிலேயே உண்டு. எனக்கு வையத் தோன்றவில்லை. பிள்ளையின் வாழ்நாள் முழுக்க ஒரு கையெழுத்தில் தொங்குகிறது என்று நினைத்துவிட்டால் எந்தத் தாய்க்கும் புத்தி தடுமாறும். ஆனால் மருத்துவர்கள் சொன்ன பதில் சரியானது. முன்கூட்டியே எடுத்தால் முதலில் அடிபடுவது முதிராத சுவாசப்பைதான். பிறகு எடைக் குறைவு, பால் குடிக்கத் திணறல், நரம்புக் கோளாறு என்று தொடரும். ஜனவரி 23-ஆம் தேதியே சியாட்டில் நீதிபதி ஜான் கூனவர் ஆணைக்குத் தற்காலிகத் தடை விதித்தார். மேலும் தடைகள் தொடர்ந்தன. அந்த பிப்ரவரியில் அது அமலுக்கு வரவே இல்லை.

அரசாங்கம் போட்ட கோடு அப்படி நீங்கியது. அலுவலகம் போடும் கோடு எந்த வருடமும் நீங்குவதில்லை. கலிஃபோர்னியாவில் வேலை பார்ப்பவள், ட்யூ டேட்டுக்கு நாலு வாரம் முன்பே மாநில ஊனமுற்றோர் காப்பீட்டில் ஓரளவு சம்பளத்தோடு வீட்டில் இருக்கலாம். பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம், சிசேரியன் என்றால் எட்டு, அதற்குமேல் குடும்ப விடுப்பு எட்டு வாரம். நியூஜெர்சியிலும் முன்னால் நாலு வாரம் உண்டு. பின்னால் குடும்ப விடுப்பு 2020-இலிருந்து பன்னிரண்டு வாரம். டெக்சாஸில் தனியார் வேலையில் இருப்பவளுக்கு மாநிலம் தருவது ஒன்றுமில்லை. 1993-இன் மத்தியச் சட்டம் பன்னிரண்டு வாரம் விடுப்பு தரும், சம்பளம் தராது. ஐம்பது பேருக்குக் குறைவான நிறுவனம் என்றால் அதுவும் இல்லை. ஆக கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் ஒருத்தி கால் நீட்டிக் காத்திருக்கிறாள். டெக்சாஸின் பிளேனோவில் இன்னொருத்தி, விடுப்பு நாளெல்லாம் குழந்தை வந்தபிறகு வேண்டுமே என்று, இடுப்புக்குப் பின்னால் தலையணையை முட்டுக்கொடுத்தபடி கடைசி நாள் வரை கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறாள். காத்திருப்பு பிள்ளைக்காகத்தான், ஆனால் அதன் சுகமும் கஷ்டமும் முகவரியைப் பொறுத்தது. இந்தியாவில் 2017-க்குப் பிறகு 26 வாரம் சம்பளத்தோடு தருகிறோம், அதில் எட்டு வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம் என்று இங்குள்ள சக ஊழியர்களிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

வேலைக்குப் போகாமல், கணவனைச் சார்ந்த எச்-4 விசாவில் இருப்பவளுக்குத் தனிமைதான் பெரிய பாரம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். இங்கே தாய்வீடே விமானம் ஏறி வரவேண்டியிருக்கிறது. அம்மாவின் சுற்றுலா விசாவில் வழக்கமாக ஆறு மாதம் தருவார்கள். முப்பத்தாறாவது வாரத்திலேயே வந்துவிட்டால், குழந்தை தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டும் நாளில் ஒன்று குறையும். தள்ளி வந்தால், அதற்குள் வலி எடுத்துவிட்டால்? அம்மா ஆறு மாதம், அடுத்து மாமியார் ஆறு மாதம் என்று முறைவைத்து டிக்கெட் போட்ட வீடுகளில் குழந்தை ஒரு வாரம் தாமதமானால் அட்டவணையே கலைகிறது. கோவிட்டுக்குப் பிறகு விசா நேர்காணலுக்கு மாதக்கணக்கில் காத்திருந்ததில், பேரன் பிறந்து தவழ்ந்த பிறகே சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் முறை வந்த பாட்டிகளும் உண்டு.

காவிரியில் வெள்ளம் வந்து, பூம்புகாரிலிருந்து வரவேண்டிய தாய் அக்கரையில் நின்றுவிட, திருச்சியில் தவித்த ரத்தினாவதிக்குச் சிவனே தாய் உருவில் வந்து பிரசவம் பார்த்தார் என்பது மலைக்கோட்டைத் தாயுமானவர் கதை. இன்றும் சுகப்பிரசவத்துக்கு அங்கே வாழைத்தார் வைத்து வேண்டுகிறார்கள். அம்மா வராத வீட்டில் இங்கே தாயுமானவராக இருப்பவர்கள் மாடிவீட்டுத் தெலுங்கு அக்கா, தமிழ்ச் சங்கத்துத் தோழி, ரசம் வைக்கத் தெரிந்துகொண்ட கணவன்.

அம்மா வந்துவிட்டாலோ பெட்டியில் திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை சன்னிதியின் விளக்கெண்ணெய் இருக்கும். வயிற்றில் தடவிக்கொள்ளலாம், மனதுக்கும் இதம். சீக்கிரம் வலி வரட்டும் என்று விளக்கெண்ணெயைக் குடிப்பது மட்டும் வேண்டாம். வாந்தியும் வயிற்றுப்போக்கும்தான் மிச்சமாகும். முதல் மூன்று மாதம் அன்னாசியைக் கண்ணில் காட்டாத அதே அம்மா, நாற்பதாவது வாரத்தில் ஒரு முழு அன்னாசியை நறுக்கி எதிரே வைப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். அமெரிக்கர்களும் சளைத்தவர்கள் இல்லை. ஜார்ஜியா மாநிலத்தில் ஓர் இத்தாலிய உணவகத்தின் கத்திரிக்காய் பதார்த்தத்தைத் தின்றால் வலி வரும் என்று நம்பி நிறைமாதக்காரிகள் வந்தார்கள். பிறந்த குழந்தைகளின் படங்கள் அதன் சுவரில் தொங்கின.

இரவு ஒரு மணிக்கு இடுப்பில் பிடிக்கும். அம்மா எழுந்து சீரகத்தை வறுத்துத் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைப்பார். சூட்டு வலியானால் அடங்கும், நிஜ வலியானால் கூடும் என்பது அவர் பரிசோதனை. கணவன் கைபேசிச் செயலியில் விட்டுவிட்டு வரும் வலியை நொடிக்கணக்கில் குறிப்பான். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு நிமிடம் நீடித்து, ஒரு மணி நேரம் தொடர்ந்தால் கிளம்பு என்பது மருத்துவமனைகள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அம்மாவின் சீரகத் தண்ணீரும் செயலியும் பல நேரம் ஒரே முடிவைத்தான் சொல்கின்றன. பை, கார் சீட் சகிதம் போய், பரிசோதித்த நர்ஸ் “இரண்டு சென்டிமீட்டர்தான், வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள்” என்று திருப்பி அனுப்பும்போது வருகிற அவமானம் இருக்கிறதே, பெற்றவர்கள் பிரசவ வலியை மறந்தாலும் அதை மறப்பதில்லை. அவமானப்பட ஒன்றுமில்லை. ஆறு சென்டிமீட்டர் திறந்தபிறகே பிரசவம் வேகம் பிடிக்கிறது என்று இன்றைய மருத்துவம் கணிக்கிறது. தலைப்பிரசவத்தில் திரும்பி வருவது சகஜம்.

இன்னும் ஒன்று பேசியாக வேண்டும். வலியை மருந்து கொடுத்து வரவழைப்பதைத் தோல்வி என்று நினைக்கும் பெண்கள் நிறைய. 2018-இல் வெளிவந்த அரைவ் என்ற ஆய்வில், சிக்கல் இல்லாத தலைச்சன் கர்ப்பிணிகள் ஆறாயிரம் பேருக்கு மேல் பங்கேற்றார்கள். 39-ஆவது வாரத்தில் வலி வரவழைத்தவர்களில் 18.6 சதவீதத்தினருக்கும், காத்திருந்தவர்களில் 22.2 சதவீதத்தினருக்கும் சிசேரியன் ஆனது. ஆகவே 39 வாரம் நிறைந்தபின் மருத்துவரோடு பேசி நாள் குறித்துக்கொள்வதும் முறை, காத்திருப்பதும் முறை. 41 தாண்டினால் குழந்தையின் இதயத் துடிப்பை அடிக்கடி பரிசோதிப்பார்கள், 42-க்கு மேல் விடமாட்டார்கள். ஆனால் காரணம் எதுவும் இல்லாமல் 39-க்கு முன்பு, அஷ்டமி நவமி தள்ளி ரோகிணியில் எடுக்கச் சொல்லிக் கேட்பது வேறு கதை. ஜோசியருக்கு நட்சத்திரம் தெரியும், சுவாசப்பை தெரியாது.

ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விசாரிக்க வேண்டுமென்றால் அவள் கணவனுக்குச் செய்தி அனுப்புங்கள். அவளோடு பேச வாய்த்தால் சினிமா பேசுங்கள், சண்டை போட்ட பழைய கதை பேசுங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் கேட்காமலே ஒரு வேளைச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, உட்காராமல் திரும்புங்கள்.

காத்திருக்கும் பெண்ணுக்கு: குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, பனிக்குடம் உடைந்தாலோ, தலைவலியோடு பார்வை மங்கினாலோ நேரம் காலம் பார்க்காமல் மருத்துவரை அழையுங்கள். இரவு மூன்று மணிக்குத் தொந்தரவு செய்கிறோமே என்ற நம் ஊர்க் கூச்சம் இங்கே தேவையில்லை. மனசு தாங்கவில்லை, அழுகை நிற்கவில்லை என்றால் கர்ப்பிணிகளுக்கும் புதிய தாய்மார்களுக்குமான தேசிய மனநல உதவி எண் 1-833-852-6262. 2022 மே மாதத்திலிருந்து இயங்குகிறது. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் ஆள் எடுப்பார்கள், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம்.