மயில்மீனைப் பிடித்து விடுவது எப்படி?

தெம்பனிஸ் புளோக்கின் கீழிருந்து நள்ளிரவில் கிளம்பினால், உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி, மெர்சிங் தாண்டி, விடிவதற்குள் குவாலா ரொம்பின் போய்விடலாம். பகாங் மாநிலத்துக் கடலோரச் சிற்றூர். நண்பர்களோடு நான் மூன்று நாள் அங்கே போவது மயில்மீனுக்காக. பாம்பன் பக்கத்தில் வழங்கும் பெயர் இது; முதுகுத் துடுப்பை விரித்தால் தோகையேதான்!

இங்கு நடந்துள்ள அனைத்துலகப் போட்டிகளில் மீனை அடையாளமிட்டுக் கடலிலேயே விட்டுவிட வேண்டும். "மூன்று நாள் போய் வெறுங்கையோடா வருவாய்?" என்பது அம்மாவின் கேள்வி. விட்ட மீன் பிழைக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

பாதி விடை முள்ளில் இருக்கிறது. சாதாரண முள்ளை மீன் விழுங்கினால் குடலில் தைத்துவிடும். வட்டமுள்ளின் முனை உள்நோக்கி வளைந்திருப்பதால், பெரும்பாலும் வழுக்கி வந்து வாயோரத்தில் மாட்டும். அமெரிக்காவின் அட்லாண்டிக் போட்டிகளில் இயற்கை இரைக்கு வட்டமுள்தான் என்பது 2008 முதல் சட்டம். ஆனால் வெடுக்கென்று இழுக்கக்கூடாது; ரீலை நிதானமாகச் சுற்றினாலே போதும். பெடோக் படகுத்துறையில் பழகிய கைகளுக்கு இதுதான் பெரிய சோதனை!

மீதி விடை படகோரத்தில். மயில்மீன் முன்னோக்கி நீந்தினால்தான் செவுளில் நீரோடி மூச்சு வரும். படம் எடுக்க வெளியே தூக்காதீர்கள். மூக்கைப் பிடித்தபடி படகை மெல்ல நகர்த்துங்கள். வால் தானாக அடிக்கத் தொடங்கியதும் விடுங்கள். கையுறை அவசியம், அந்த மூக்கு அரம்போலச் சொரசொரக்கும்.