ஊர் பெருத்தால் புகையும் பெருக்குமா?

நகரமயமாதலையும் கார்பன் வெளியேற்றத்தையும் ஒரே மூச்சில் குற்றம் சொல்வது வழக்கமாகிவிட்டது. எந்த ஊர், எத்தகைய வீடு என்று பார்க்காமல் தீர்ப்பு சொல்லக் கூடாது என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர்கள் எட்வர்ட் கிளேசர், மாத்யூ கான் என்ற இரு பொருளாதார அறிஞர்கள்.

2010-இல் வெளியான அவர்களது ஆய்வு, ஒரே வருமானமும் ஒரே அளவும் கொண்ட ஒரு குடும்பத்தை அமெரிக்கப் பெருநகரங்கள் ஒவ்வொன்றிலும் காகிதத்தில் குடியமர்த்திப் பார்த்தது. காருக்கு எவ்வளவு பெட்ரோல்? குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க எவ்வளவு எரிபொருள்? கரண்ட் எவ்வளவு, அது நிலக்கரியில் வந்ததா? எல்லாவற்றையும் கூட்டினால், மிகக் குறைவாகக் கார்பன் வெளியிட்ட ஐந்து நகரங்களும் கலிஃபோர்னியாவில் இருந்தன. சான் பிரான்சிஸ்கோவில் கோடையிலும் ஏசி பெரும்பாலும் தேவைப்படாது. பட்டியலின் மறுகோடியில் இருந்த ஊர்களில் ஒன்றான டெக்சாஸின் ஹூஸ்டனில் புழுக்கம் தாங்காது. பால் வாங்கவும் காரை எடுக்க வேண்டும்.

வேடிக்கை இனிமேல்தான். கலிஃபோர்னியாவில் புது வீடு கட்ட அனுமதி வாங்குவது குதிரைக்கொம்பு. 1970-இல் வந்த மாநிலச் சுற்றுச்சூழல் சட்டத்தைக் காட்டி, அக்கம்பக்கத்தார் அடுக்குமாடித் திட்டத்தை நெடுங்காலம் நீதிமன்றத்துக்கு இழுக்க முடிந்தது. அங்கே வீடு கிடைக்காத குடும்பம் மாயமாகிவிடுவதில்லை. ஹூஸ்டன் போன்ற ஊருக்குப் போகிறது. கட்டினால் இந்த இடத்துக்கு என்ன ஆகும் என்று துருவித் துருவிக் கேட்கும் நடைமுறை, கட்டாவிட்டால் வேறெங்கே என்ன ஆகும் என்று கேட்பதில்லை. ஆய்வின் கூர்மையான இடம் இதுதான் என்பேன்.

ஆய்வு வெளியான மறு ஆண்டே கிளேசரும் கானும் சீன ஆய்வாளர்களோடு சேர்ந்து 74 சீன நகரங்களுக்கும் இதே கணக்கைப் போட்டார்கள். 1978-இல் நூற்றுக்குச் சுமார் 18 பேர் மட்டுமே நகரவாசிகளாக இருந்த சீனாவில், 2011-இல் அது பாதியைத் தாண்டிவிட்டது. ஆனாலும் அங்கே மிக அதிகமாக வெளியிட்டுக் கடைசி இடம் பிடித்த வடகிழக்கு எண்ணெய் நகரமான டாச்சிங்கின் குடும்பம் வெளியிட்டது, அமெரிக்காவில் மிகக் குறைவாக வெளியிட்டு முதலிடம் பெற்ற சான் டியாகோ குடும்பம் வெளியிட்டதில் ஐந்தில் ஒரு பங்குதான். சிக்கனம் என்று புகழ வேண்டியதில்லை. அன்று அவர்களிடம் காரும் குறைவு, காசும் குறைவு.

டாச்சிங் ஏன் கடைசி? குளிர் ஒரு காரணம். இன்னொன்று, 1950-களில் அரசு போட்ட கோடு. ஹுவாய் ஆற்றுக்கு வடக்கே உள்ள நகரங்களுக்கு நிலக்கரிக் கொதிகலன்களிலிருந்து குழாய் வழியே வெப்பம் வரும்; தெற்கே வராது. கட்டணமும் நெடுங்காலம் வீட்டின் பரப்பளவுக்குத்தான், செலவழித்த வெப்பத்துக்கு அல்ல. அறை அதிகம் சூடானால் வெப்பத்தைக் குறைக்க வால்வு கிடையாது. உறைபனிக் காலத்திலும் ஜன்னலைத் திறந்துவிடுவார்கள். மீட்டர் வைத்தால் தீருமே என்று தோன்றும். பழைய கட்டடங்களில் ஒரே குழாய்தான் மேல்மாடியிலிருந்து கீழ்த்தளம் வரை வீடு வீடாகப் புகுந்து இறங்குகிறது. யார் வீட்டில் எவ்வளவு வெப்பம் செலவானது என்று அதில் தனித்தனியாக அளப்பது லேசான வேலையல்ல.