தூய நீரும் நன்னீரும்: மீன்தொட்டியில் அயனி நீக்கம்

மொழியியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஒருவன் மீன்தொட்டி நீரைப் பற்றி என்ன பேசிவிட முடியும் என்ற ஐயம் அவையோரில் சிலருக்கு எழலாம். ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டதன் விலையாகப் பதினொரு மீன்களை இழந்தவன் என்பதே இங்கு நான் கூறக்கூடிய தகுதி.

பணி ஓய்வுக்குப் பின்னர் எங்கள் வீவக வீட்டுக் கூடத்தில் அறுபது லிட்டர் தொட்டி ஒன்றை அமைத்து, நியான் டெட்ரா மீன்களை வளர்க்கத் தொடங்கினேன். குழாய் நீரைவிட மேலானதை அவற்றுக்குத் தரவேண்டும் என்ற ஆர்வத்தில் அயனி நீக்க வடிகட்டி ஒன்றை வாங்கினேன். அதன் உறையில் ‘முற்றிலும் தூய நீர்’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடர் இருந்தது. மகிழ்ந்துபோய், தொட்டி நீரின் பெரும்பகுதியை ஒரே நாளில் இறைத்துவிட்டு வடிகட்டிய நீரை நிரப்பினேன். மறுநாள் காலையில் மீன்கள் மிதந்தன. “தண்ணி அழுக்கா தாத்தா?” என்று பேரன் கேட்டான். அன்று எனக்கு விடை தெரியவில்லை.

விடை ‘அயனி நீக்கம்’ என்ற தொடரிலேயே இருக்கிறது. மின்னேற்றம் பெற்ற அணுக்களுக்கும் அணுத்தொகுதிகளுக்கும் ‘அயன்’ என்ற பெயர் 1834ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தது. அறிவியலாளர் மைக்கேல் பாரடே கேட்டுக்கொண்டதற்கு இணங்க, வில்லியம் ஹியூவெல் என்ற அறிஞர் கிரேக்க மொழியிலிருந்து அதை எடுத்துத் தந்தார். ‘செல்வது’ என்பது அதன் பொருள். மின்முனையை நோக்கிச் செல்வதால் அப்பெயர். இலங்கைப் பாடநூல்கள் ‘அயன்’ என்றே வழங்க, தமிழகப் பாடநூல்கள் ‘அயனி’ என்கின்றன. உத்தராயணம் என்ற சொல்லில் உள்ள வடமொழி ‘அயன’ என்பதும் செல்லுதலையே குறிக்கும். கிரேக்கச் சொல்லோடு அது ஒரே வேரில் கிளைத்தது. இது என் தொழிற்பழக்கத்தால் வந்த இடைச்செருகல், பொறுத்தருள்க.

உப்பு நீரில் கரையும்போது இரண்டாகப் பிரிகிறது. சோடியம், கால்சியம், மக்னீசியம் போன்றவை நேர்மின் அயனிகள்; குளோரைடு, நைட்ரேட், பாஸ்பேட் போன்றவை எதிர்மின் அயனிகள். வடிகட்டியின் குழலுக்குள் கடுகைவிடச் சிறிய பிசின் மணிகள் நிறைந்துள்ளன. இவை மரப்பிசின் அல்ல, செயற்கைப் பலபடிகள். ஒருவகை மணி நேர்மின் அயனியைப் பற்றிக்கொண்டு, அதற்கு ஈடாக ஹைட்ரஜன் அயனியை விடுவிக்கும். மற்றொருவகை எதிர்மின் அயனியைப் பற்றிக்கொண்டு ஹைட்ராக்சைடு அயனியை விடுவிக்கும். விடுபட்ட இரண்டும் கூடினால் நீர். ஆகவே நடப்பது சல்லடையில் சலிப்பது போன்ற வடிகட்டல் அன்று, பண்டமாற்று. மாற்றுவதற்குரிய சரக்கு தீர்ந்தவுடன் பிசின் செயலற்றுப்போகும். சில பிசின்கள் அப்போது நிறம் மாறிக் காட்டும்.

இப்பண்டமாற்றில் மின்னேற்றம் உடையவற்றுக்கே இடமுண்டு. மின்னேற்றமற்ற கரிமப் பொருள்கள் பெரும்பாலும் தப்பிச் செல்லும். நுண்ணுயிரிகளைக் கொல்வதும் பிசினின் வேலையன்று. சிங்கப்பூர்க் குழாய் நீரில் கிருமி நீக்கத்திற்காகச் சேர்க்கப்படும் குளோரமைனும் மின்னேற்றமற்றது. எனவே முதலில் செயல்முறைக் கரி அதைச் சிதைக்க வேண்டும். அப்போது வெளிப்படும் அம்மோனியாவை, அது அம்மோனியம் அயனியாக இருக்கும் நிலையில், பிசின் பற்றிக்கொள்ளும். கரிக்கும் பிசினுக்கும் இடையில் எதிர்ச் சவ்வூடு பரவல் சவ்வு ஒன்றையும் வைத்தால், கரைந்த உப்புகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அங்கேயே நின்றுவிடும். விலை மிகுந்த பிசினும் நெடுநாள் உழைக்கும். கரைதிண்ம அளவியில் சுழி காட்டுகிறது என்று இறுமாந்திருத்தலும் ஆகாது. அக்கருவி மின்கடத்துதிறனை மட்டுமே அளக்கிறது. பிசின் களைப்புறும்போது முதலில் நழுவும் பொருள்களுள் ஒன்றான சிலிக்காவை அது ஏறக்குறைய காண்பதே இல்லை.

இனி மீனுக்கு வருவோம். ஆற்று மீனின் குருதியில் உள்ள உப்பு, அது வாழும் நீரில் உள்ளதைவிட மிகுதி. அதனால் செவுள் வழியாக நீர் இடைவிடாது உள்ளே புகுகிறது; மீன் அதை நீர்த்த சிறுநீராக வெளியேற்றிக்கொண்டே, புறநீரிலுள்ள உப்பைச் செவுளால் ஈர்த்துத் தன் இழப்பை ஈடுசெய்கிறது. புறநீரில் உப்பே இல்லையெனில் எதை ஈர்ப்பது? அன்றியும், கார்பனேட் உப்புகள் நீங்கிய நீரில் அமிலத்தைத் தாங்கும் ஆற்றல் இல்லை. காற்றிலுள்ள கரியமில வாயு கரைந்தாலே அதன் அமில காரக் குறியீடு 7இலிருந்து ஏறத்தாழ 5.6க்கு இறங்கிவிடும். நியான் டெட்ரா தென் அமெரிக்காவின் மென்னீர் மீன்தான். ஆயினும் மென்னீர் வேறு, வெறும் நீர் வேறு. அந்த மென்மைக்கும்கூட நாள்தோறும் சிறிது சிறிதாகவே பழக்க வேண்டும். நானோ ஓர் இரவில் அவற்றை இடம்பெயர்த்தேன்.

தமிழில் ‘தூய்மை’ என்பது அழுக்கின்மையையும் குறிக்கும், கலப்பின்மையையும் குறிக்கும். உறையிலிருந்த ஆங்கிலச் சொல்லும் அவ்வாறே. வேதியியலார் இரண்டாம் பொருளில் எழுதினர். நான் முதற்பொருளில் படித்தேன். கடல்நீரல்லாத நீரை நம் முன்னோர் ‘நன்னீர்’ என்றனர், ‘தூநீர்’ என்று பொதுப்பெயரிடவில்லை. அளவான உப்பு கரைந்திருப்பதே மீனுக்கு நன்மை.

அப்படியாயின் இவ்வடிகட்டி வேண்டாமா? வேண்டும், தொடக்கப் பொருளாக. பவழம் வளர்ப்போர் இந்நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவில் கடலுப்புக் கலவையைக் கரைக்கின்றனர். பாசிக்கு உணவாகும் பாஸ்பேட்டும் சிலிக்காவும் குழாயிலிருந்து வந்து சேர்வதை அது தடுக்கிறது. மென்னீரில் மட்டுமே முட்டை பொரிக்கும் மீன்களுக்கும், நுட்பமான இறால் வகைகளுக்கும் வேண்டிய தாதுக்களை அளந்து சேர்த்துக்கொள்ளலாம். சாதாரணத் தொட்டிக்குக் குளோரமைன் நீக்கிய குழாய் நீரே போதும்.

இப்போது என் வீட்டில் அயனி நீங்கிய நீரைத் தனி வாளியில் எடுத்து, தாது உப்பைக் கரைத்து, அளந்து பார்த்த பின்னரே தொட்டியில் சேர்க்கிறேன்; அதுவும் வாரத்திற்கு ஆறு லிட்டர்தான். வாளியின் மீது பேரன் ஒரு தாளை ஒட்டியிருக்கிறான். ‘உப்பில்லா நீர், மீனுக்கு ஆகாது’ என்று தமிழில் எழுதியிருக்கிறான். ஒற்றுப்பிழை ஏதுமில்லை.