சொல்லுந்தோறும் பிறக்கும் கதை

ஒரே கதையை ஒருவரே இருமுறை சொல்லும்போது வேறுபட்டால், அவற்றுள் எது சரியானது? எமது மாணவர்கள் கேட்கும் வினா இது. அச்சு நூலில் பழகிய கண் ஒரு கதைக்கு ஒரே வடிவத்தை எதிர்பார்க்கிறது. வாய்மொழிக் கதை அவ்வாறன்று. இதனை ஆராய்ந்து காட்டியவர்கள் மில்மன் பரி, அல்பேட் லோட் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர்.

ஹோமரின் காவியங்கள் எழுத்தின் துணையின்றி எவ்வாறு தோன்றியிருக்கக்கூடும் என்பதே பரியின் வினா. விடை தேடி 1933 முதல் 1935 வரை அன்றைய யூகோசிலாவியாவில் நாட்டுப் பாடகர்களின் வீரகதைகளை அவர் திரட்டினார். அப்பாடகர்கள் குஸ்லே என்னும் ஒற்றைத் தந்தி வாத்தியத்தை வில்லால் இசைத்தபடி பாடுவர். முஸ்லிம்கள் வாழ்ந்த ஊர்களில், றமழான் மாத இரவுகளில், கோப்பிக் கடைகளே அவர்களின் அரங்கு. அங்கு சிலர் உற்றுக் கேட்பர். சிலர் எழுந்து போவர். அவையோர் சோர்ந்தால் பாடகர் கதையைச் சுருக்குவார். அவர்கள் உற்சாகங்கொண்டால் குதிரைக்குச் சேணம் பூட்டுவதையே நெடுநேரம் வருணிப்பார்.

மனனஞ் செய்து ஒப்புவிப்பவரால் இது இயலாது. விடியற்பொழுது, வீரனின் பெயர், குதிரையேற்றம் ஆகியவற்றுக்குப் பத்து அசை அடியில் பொருந்தும் தொடர்கள், இளமையிலிருந்து கேட்டுக் கேட்டுப் பாடகரின் நாவில் ஆயத்தமாக இருக்கும். அவற்றைக்கொண்டு பாடும்போதே அவர் அடிகளைக் கட்டிச் செல்கிறார்.

அவ்தோ மெஜெதோவிச் என்பவர் எழுதப் படிக்க அறியாதவர். இறைச்சிக் கடை நடத்தியவர். அவர் முன்னர் கேட்டிராத கதையொன்றை, 1935 இல், அவர் முன்னிலையில் வேறொரு பாடகரைக்கொண்டு பரி பாடுவித்தார். அது 2,294 அடிகள். முடிந்ததும் அக்கதையையே பாடும்படி அவ்தோவை வேண்டினார். அவர் பாடியதோ 6,313 அடிகள்! நிகழ்ச்சிகள் அவையே, மாந்தரின் மனநிலையும் வருணனையும் விரிந்திருந்தன.

இதனினும் வியப்பானது ஒன்று. மற்றொரு பாடகர், தாம் கேட்ட பாட்டைச் சொல்லுக்குச் சொல் மாற்றமின்றிப் பாடுவதாகச் சாதித்தார். பதிவுகளை ஒப்பிட்டபோது அடிகள் வேறுபட்டன. அவர் பொய்யுரைக்கவில்லை. அவருக்குக் கதையின் போக்கே 'சொல்'. எமக்கோ அது எழுத்துக்களின் வரிசை.

லோட் இவ்வாய்வை 1960 இல் நூலாக்கினார். எமது பேராசிரியர் க. கைலாசபதி இம்முறையைச் சங்கச் செய்யுள்களுக்குப் பொருத்தி எழுதிய ஆங்கில நூல் 1968 இல் ஒக்ஸ்போட்டில் வெளியாயிற்று. அவர் முடிவை ஏற்காத அறிஞரும் உளர்.

பெற்றோர்கள் இன்று முதியோரின் கதைகளை ஒலிப்பதிவு செய்து வைக்கின்றனர். நல்ல முயற்சியே. எனினும் அது போதும் என்று நான் கருதவில்லை. பிள்ளை கொட்டாவி விட்டாலும் பதிவு சுருங்காது, "துலா என்றால் என்ன?" என்று கேட்டாலும் நின்று விடை சொல்லாது. நேரிற் கதை சொல்லும் அம்மம்மாவோ அவ்விடத்திற் கதையை நிறுத்திவிடுவார். கிணற்றடியில் நட்ட மரத்தையும், அதன்மேல் ஏறி நடந்து நீர் இறைத்தவரையும், வாய்க்காலில் நீர் ஓடிய வகையையும் கையசைத்துக் காட்டிவிட்டே மேலே செல்வார். ஊரில் இதே கதையைச் சொன்னபோது துலாவைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் விளக்கியிரார். அங்கே அது வளவிலேயே நின்றது.