பழைய சிறு படகைக் குறைந்த செலவிற் செப்பனிடுதல்

கொழும்பு நகரின் நடுவே பேர வாவியை அணைத்துக் கிடக்கும் கொம்பனித்தெரு, படகுக்குப் புதிய இடமன்று. ஒல்லாந்தர் காலத்தில் ஆபிரிக்க அடிமைகளை இரவில் அடைத்துவைத்த இந்நிலத்தைச் சுற்றி அன்று நீரே காவலாக இருந்தது. பிற்காலத்தில் வாவிக்கரையெங்கும் பண்டசாலைகள் எழுந்தன. தேயிலை முதலிய சரக்குகள் பாரப்படகுகளில் ஏறி வாவி வழியாகத் துறைமுகத்தை அடைந்தன. அப்போக்குவரத்து ஒழிந்து நெடுங்காலமாயிற்று. எனினும், முகத்துவாரம், தெகிவளை முதலிய கரைகளில் ஒதுக்கிவிடப்பட்ட சிறு வள்ளமொன்றை மலிவாக வாங்கித் திருத்தி, ஓய்வு நாட்களில் மீன்பிடித்து வீட்டுக் கறிச்செலவைக் குறைக்கலாமென எண்ணுவோர் நகரத்திலும் உளர். அத்தகையோர் பணத்தையும் உயிரையும் இழவாதிருக்கவேண்டுமாயின், சில செய்திகளை முன்னரே அறிந்திருத்தல் அவசியமாகும்.

பழைய படகு என்றதும் இகழ்ச்சி வேண்டாம். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி வந்த ஆழிப்பேரலை, இலங்கையின் மீன்பிடிக் கலங்களில் ஏறத்தாழ முக்காற்பங்கை அழித்தோ சேதப்படுத்தியோ விட்டது. அவற்றை ஈடுசெய்யும் அவசரத்தில் அனுபவம் குறைந்த பட்டறைகளும் கண்ணாடிநார்ப் படகுகளைக் கட்டத் தொடங்கின. அவற்றுட் சில கடலுக்குத் தகாதவையென ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனம் எடுத்துக்காட்டியது. பார்வைக்குப் பளபளத்த புதுப்படகு மெல்லிய ஓட்டுடன் இருக்க, நன்கு கட்டிய பழைய படகு சிறு திருத்தத்துடன் மீண்டும் கடலேறியதுமுண்டு. வயதைக்காட்டிலும் கட்டுமானமே பெரிது.

எனவே வாங்குமுன் சோதித்தலே முதல் வேலை. மரப்படகாயின் சாயத்தைக் கண்டு மயங்கலாகாது. கூரிய சிறு கத்தியொன்றை எடுத்து, ஏராவை ஒட்டிய பலகைகளிலும், பலகையின் வெட்டுமுனைகளிலும், மழைநீர் தேங்கும் மூலைகளிலும் அழுத்திப் பார்க்கவேண்டும். நல்ல மரத்திற் கத்தி சிறிதே இறங்கி இறுகப் பிடிக்கும். உளுத்த மரத்தில் ஈரப்பாணிற் செல்வதுபோல் இறங்கிவிடும். ஆணித்தலைகளைச் சுற்றிக் கருமை படிந்திருந்தால் இரும்பாணி துருப்பிடித்து மரத்தையும் கெடுத்துள்ளது என்பது பொருள். நீர்மட்டத்துக்குக் கீழே குண்டூசி முனையளவு துளைகள் பல தென்படின் கப்பற்புழு குடியேறியிருத்தல் கூடும். துளை வெளியே சிறிதாயினும் உள்ளே விரல் பருமனான வழிகள் ஓடும். அப்பலகையை மாற்றுவதேயன்றி மேற்பூச்சினால் மறைத்தல் வீண். கயிற்றினால் தைத்த ஓருவாயின், மா, பலா, ஈரப்பலா முதலிய ஒரே மரத்திற் குடைந்த அடிப்பாகம் வெடித்திருக்கிறதா என்று பார்க்க. தையற்கயிறு அற்றிருப்பது பெருங்குறையன்று, தும்புக்கயிற்றைப் புதிதாக இட்டுக்கொள்ளலாம்.

கண்ணாடிநார்ப் படகை விரற்கணுவினால் அல்லது சிறு மரச்சுத்தியினால் தட்டிக்கொண்டே போகவேண்டும். ஒலி கணீரெனக் கேட்குமிடம் நன்று. மொத்தென்று அடங்குமிடத்தில் அடுக்குகள் பிரிந்திருக்கும், அல்லது உள்ளே ஈரம் புகுந்திருக்கும். இயந்திரம் பூட்டும் பின்பலகையை இருமுறை சோதிக்க. அதனுள் வைத்த மரம் அழுகியிருத்தல் மிகச் சாதாரணமான குறை. பலகை, பிசின், ஆணி, கூலி ஆகிய யாவற்றின் விலையையும் விசாரித்துக் கூட்டிப் பார்த்து, அத்தொகை அதே அளவான நல்ல பழைய படகொன்றின் விலையிற் பாதிக்குமேற் போகுமாயின் அப்படகை விட்டுவிடுதலே சிக்கனம்.

மேற்குக் கரையிற் சிறு படகுகள் கடலுக்குப் போகாது கரையில் ஓய்ந்திருக்குங் காலம், மே தொடக்கம் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவமழைக் காலமே. படகு மலிவாகக் கிடைப்பதும் அப்போதுதான். ஆனால் மழைக்காலத்தில் மரம் உலராது. வாங்கியபின் நன்னீரினால் உப்பைக் கழுவி, படங்கினாற் கூரையிட்டு, பக்கங்களைத் திறந்துவிட்டு, தரையிலிருந்து உயர்த்தி வைக்கவேண்டும். இறுகப் போர்த்திவிட்டால் வியர்த்து மேலும் அழுகும். கொம்பனித்தெருவின் ஒடுங்கிய ஒழுங்கைகளில் இடங்கிடைப்பது அரிது. அங்கே பிசின் வேலை செய்வது அயலவர்க்கும் குழந்தைகளுக்கும் தீங்காகும். அவ்வேலையைக் கரையோரப் படகுப் பட்டறையொன்றின் திறந்த முற்றத்திற் செய்துகொள்ளுதல் நன்று.

மரப்படகின் ஒழுக்கை நிறுத்துவது கலப்பத்து வேலையாகும். பலகைகளின் இடைவெளியிலுள்ள பழைய திரியையும் அழுக்கையும் வளைந்த கொக்கியினாற் சுரண்டி எடுத்து, பருத்தித் திரியை மழுங்கிய உளியினால் மெல்ல உட்செலுத்துக. மிக இறுக்கி அடித்தலாகாது. நீரில் மரம் ஊதும்போது திரிக்கு இடமில்லாமற்போனால் ஆணிகள் நெகிழும், விலாச்சட்டங்களும் முறியும். முன்னாளில் இடைவெளியை நிரப்பிய வெள்ளீயக் களி நஞ்சாதலால் இன்று அதனைத் தவிர்த்தல் வேண்டும். குங்கிலியத்தைத் தேங்காயெண்ணெயில் உருக்கிப் பூசும் பழைய முறை இன்றும் பயனுள்ளது. ஆனால் அக்கலவையை நேரடியாக நெருப்பில் வைக்காது, மணல் நிரப்பிய சட்டியின்மேல் வைத்துச் சூடாக்குக. பொங்கி வழிந்தாற் படகும் கொட்டிலும் எரிந்துபோம். இத்தகைய பழைய முறைகளாற் கட்டிய கலங்களின் திறமையை ஐயுறுவோர், வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற அன்னபூரணி அம்மாள் என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோசெஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்ததை நினைவுகூர்வாராக.

உளுத்த மரத்தின்மேற் கண்ணாடிநார் போர்த்தினாற் படகு புதிதாகிவிடும் என்பது பலரும் நம்பும் பொய். எண்ணெயும் ஈரமும் ஊறிய மரத்தில் சாதாரண பொலியெசுத்தர்ப் பிசின் ஒட்டாது. சில மாதங்களில் தோல்போல உரிந்து, இடையே புகுந்த நீர் மரத்தைக் கண்மறைவில் தின்றுவிடும். கரையில் வைத்துப் பார்த்தால் ஒரு குறையுந் தோன்றாது. கடலில் அலை மோதும்போதுதான் அடிப்பாகம் விட்டுப்போகும். நன்குலர்ந்த, எண்ணெய்படாத மரமாயின் எப்பொக்சிப் பிசின் ஓரளவு நிலைக்கும். அது விலை கூடியது.

கண்ணாடிநார்ப் படகின் வெடிப்பைத் திருத்துவது இதனினும் எளிது. முறிந்த ஓரத்தைச் சுற்றி ஓட்டின் கனத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்கவேண்டும். ஓடு 6 மில்லிமீற்றர் கனமாயின் சரிவு ஏறத்தாழ 7 சதமமீற்றர் அமையும். வெடிப்பின்மேல் ஒரு துண்டை ஒட்டிவிடுவது திருத்தமன்று. அது முதற் பெருமோதலிலேயே கழன்றுவிடும். சிறிய துண்டிலிருந்து பெரியதாகக் கண்ணாடிநார்ப் பாயை அடுக்கடுக்காக இட்டு, பாயின் நிறையைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு பிசினைத் தூரிகையாற் குத்தி ஊறச்செய்து, காற்றுக்குமிழிகளை உருளையினால் வெளியேற்றுக. பிசினுக்கு நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வன்மையாக்கி போதும். கொழும்பின் வெப்பத்தில் ஒரு பங்கை அண்டியே நிற்றல் நலம். கூட்டினால் பூசுமுன்னரே இறுகிவிடும்.

இங்கே ஒரு கடும் எச்சரிக்கை. சிவந்த அல்லது ஊதா நிறமான கோபாற்று விரைவாக்கியையும் வன்மையாக்கியையும் ஒருபோதும் நேரடியாகக் கலத்தலாகாது. அவை வெடித்துத் தீப்பற்றும். விரைவாக்கியைப் பிசினில் முற்றக் கலக்கியபின்னரே வன்மையாக்கியைச் சேர்க்கவேண்டும். வன்மையாக்கியின் ஒரு துளி கண்ணிற் பட்டாலும் பார்வை போய்விடலாம். மூக்குக்கண்ணாடி போதாது, பக்கங்களும் மூடிய காப்புக்கண்ணாடி வேண்டும். தேய்க்கும்போது எழும் தூசியை உள்ளிழுக்காதவாறு முகமூடியும் அணிக.

மரப்படகு நீர் நிறைந்தாலும் பெரும்பாலும் மிதக்கும். கண்ணாடிநார்ப் படகு தாழும். ஆதலால் மிதவை அமைப்பதைச் செலவென எண்ணித் தவிர்க்கலாகாது. 120 கிலோகிராம் நிறையுள்ள ஓட்டை நீருள் தாங்க ஏறத்தாழ 40 கிலோகிராம் மிதப்பு வேண்டும். 40 கிலோகிராம் இயந்திரத்துக்கு மேலும் 30 கிலோகிராம் வேண்டும். கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டிருக்கும் மனிதரையும் கணக்கிட்டால், இறுக மூடிய 20 இலீற்றர்ப் பிளாத்திக்குக் கலங்கள் ஆறு அல்லது ஏழு பொருத்துவது தகும். அவற்றை அடியில் வைத்தால் நீர் நிறைந்த படகு உருண்டுவிடும். பக்கங்களில், மேல்விளிம்பை ஒட்டி இறுகக் கட்டவேண்டும். ரிஜிபோம் மலிவாயினும் அதன்மேற் பொலியெசுத்தர்ப் பிசின் பட்டாற் கரைந்துபோகும். பெற்றோல் பட்டாலும் அவ்வாறே.

இயந்திரம் வேண்டுமா என்பதை ஆற அமர யோசிக்க. 2022ஆம் ஆண்டு ஓகத்து மாதத்தில் மண்ணெண்ணெய் இலீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேயடியாக உயர்ந்தபோது, மண்ணெண்ணெய் இயந்திரத்தையே நம்பிய சிறு படகுகள் பல கரையிலேயே கிடந்தன. களப்பிலும் ஏரியிலும் மீன்பிடிப்போனுக்குத் தண்டு போதும். ஒருவரே இருபுறமும் வலிக்கும் படகில் தண்டின் நீளம் படகின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு இருக்கலாம். நாலடி அகலத்துக்கு எட்டடித் தண்டு. இயந்திரமுள்ள படகிலும் ஒரு சோடித் தண்டு இருத்தல் வேண்டும்.

இனி, எங்கே மீன்பிடிப்பது? படகைத் திருத்துவோர் கண்முன்னே பேர வாவி பரந்து கிடப்பதால் அதிலேயே வலைபோட ஆசை எழும். சுமார் 65 எக்டயர் பரப்புள்ள அவ்வாவியிற் திலாப்பியா மிகுதியாக உண்டு. ஆயினும் நகரக் கழிவுகள் சேர்ந்த அந்நீர் பச்சைக்குழம்பாகும் காலங்களில் நீலப்பச்சைப் பாசி பெருகி, ஈரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்குகின்றது. சமைத்தாலும் அந்நஞ்சு அழியாது. அவ்வாவியின் மீனைக் குழந்தைகளுக்குக் கொடுத்தல் தகாது. வாவியிற் படகை வெள்ளோட்டம் விட விரும்புவோரும் முதலில் அனுமதியை விசாரித்துக்கொள்க. மீனுக்குப் பொல்கொட ஏரி, நீர்கொழும்புக் களப்பு, அமைதியான பருவத்திற் கரையோரக் கடல் ஆகியனவே உகந்தவை.

படகிலிருந்து நீர்ப்பறவைகளைச் சுடும் பழக்கம் வெள்ளையர் ஆட்சியில் துரைமாரிடையே இருந்தது. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் அதற்கு இன்று இடந்தரா; வாவியின் கூழைக்கடாவும் நீர்க்காகமும் காப்புக்குரியவை. துவக்கைப் பற்றிய பேச்சை இத்துடன் விடலாம்.

திருத்தம் முடிந்த மரப்படகு முதல்நாள் ஒழுகத்தான் செய்யும். ஆழமற்ற நீரிற் கட்டி, ஓரிரு நாட்கள் ஊறவிட்டால் பலகைகள் ஊதி இடைவெளிகள் அடைபடும். மூன்றாம் நாளும் ஒழுகுமாயின் அவ்விடத்தைக் கரியினால் அடையாளமிட்டு மீண்டும் கலப்பத்து இடவேண்டும். அதன்பின் ஏறவிருக்கும் ஆட்களின் நிறைக்கு மணல்மூடைகளை ஏற்றி, ஒருபக்கமாகச் சாய்த்து, விளிம்புக்கும் நீருக்கும் இடையே எவ்வளவு உயரம் எஞ்சுகிறது என அளந்து பார்க்க. ஒருசாண் உயரமாவது எஞ்சாவிடில் ஆளைக் குறைக்கவேண்டும். நீர் இறைக்கும் பட்டையைக் கயிற்றினாற் படகுடன் கட்டிவைக்க. உயிர்காப்பு அங்கி தலைக்கொன்று வேண்டும். மீன்பிடிப் படகைப் பதிவுசெய்தலும் அனுமதிப்பத்திரம் பெறுதலும் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளங்கள் சட்டத்தின்படி கட்டாயமாகும். கடலுக்குக் கொண்டுபோவோர் அவ்விடத்துக் கடற்றொழிற் பரிசோதகரிடம் படகைக் காட்டிப் பதிவிலக்கம் பெற்று, அதனைச் சாயம் முற்ற உலர்ந்தபின் முன்புறத்தின் இருபக்கமும் தெளிவாக எழுதிக்கொள்க.