மார்கழிக் குளிரில் கழுத்துப் பிடிப்பா?

மார்கழி பிறந்தால் விடியற்காலைக் கோலம் உண்டு. கூடவே கழுத்துப் பிடிப்பும் உண்டு! "தலைகாணி சரியில்லை" என்று பழியை அதன்மேல் போடுவோம். குளிருக்குத் தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டுக் கோலமிட்டால் தசை இறுகாமல் என்ன செய்யும்? குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதும் குனியாதீர்கள். மடியில் தலையணை வைத்துக் குழந்தையை உயர்த்திக்கொள்ளுங்கள்.

வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைப் பொறுக்கும் சூட்டில் 15 நிமிடம் பிடரியில் போடுங்கள். பிறகு தோள்களை மெதுவாகப் பின்பக்கம் 10 தடவை சுழற்றுங்கள். இதமாக இருக்கும்.

சுளுக்கு எடுக்கிறேன் பேர்வழி என்று யார் வந்தாலும் கழுத்தை வெடுக்கென்று திருப்ப விடாதீர்கள்! மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் அங்கேதான் இருக்கின்றன. கிழிந்தால் பக்கவாதமே வரலாம். கை மரத்துப் போனாலோ, கழுத்து விறைப்போடு கடும் ஜுரம் இருந்தாலோ, தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராமல் உடனே டாக்டரிடம் போங்கள்.